தேதி எழுதாத தகரத் தட்டி

கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்கத் தெருவை அடைத்தால் முதலில் திட்டு வாங்குவது அந்தச் சுவர்தான். "இடிஞ்சு கிடக்கிற கல்லுக்காக எங்க வழியை மறிக்கணுமா?" என்று டீக்கடையிலேயே ஆரம்பித்துவிடுவோம். இதில் சத்தம் அதிகம் போடுவது என் வயதுக்காரர்கள். காரணமும் இருக்கிறது. பைக்கில் போகிற பையனுக்குச் சுற்றுவழி என்றால் ஐந்து நிமிஷம். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறவனுக்கு அது அரை நாள் வேலை.

கோபம் நியாயம். ஆனால் தப்பான ஆள் மேல் பாய்கிறது. சுவர் அதே இடத்தில்தான் 200, 300 வருஷமாக நிற்கிறது. வழியை மறிப்பது தகரத் தட்டி. அந்தத் தட்டியில் எழுதாமல் விட்ட தேதிதான் என் சண்டைக்குக் காரணம்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். பெரிய மெஷினைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும் என்றால் 'ஷட்டவுன்' எடுப்போம். எந்த நாள், எத்தனை மணிக்கு நிறுத்துவது, எத்தனை மணிக்குத் திரும்ப ஓட்டுவது, எந்தப் பகுதியை முதலில் கழற்றுவது, எந்த ஸ்விட்சில் யார் பூட்டு தொங்குகிறது, எல்லாம் காகிதத்தில் இருக்கும். பக்கத்து லைன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு மணி நேரம் தாமதம் ஆனால் மேனேஜர் நேரில் வந்து நிற்பார். ஏன்? நஷ்டம் கம்பெனிக்கு.

தெருவை அடைக்கிறவருக்கு அப்படி ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் பூக்காரம்மாவுக்கு, சைக்கிள் பஞ்சர் கடைக்காரருக்கு, ஆட்டோவுக்குக் கூடுதலாக 50 ரூபாய் கொடுக்கிற கிழவிக்கு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுதாத நஷ்டத்துக்கு அவசரம் எங்கிருந்து வரும்?

சில வருஷம் முன் ஒரு பழைய ஊரில், பெயர் வேண்டாம், மதில் வேலைக்காக ஒரு முழுத் தெருவைத் தகரம் வைத்து மூடியிருந்தார்கள். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். சாரம் கட்டியிருந்தது தெருவின் ஒரு மூலையில், பத்தடி அகலத்துக்கு. மிச்சத் தெருவில் ஜல்லியும் ஒரு டிராக்டரும் காவலாளியின் கயிற்றுக் கட்டிலும் இருந்தன. "எப்போ திறப்பீங்க?" என்றேன். "வேலை முடிஞ்சதும் சார்" என்றார். என் ஃபோர்மேன் காதில் இந்தப் பதில் விழுந்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்.

இதை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையைப் பாருங்கள். நாயக்கர் காலத்து மதுரைக் கோட்டை மதிலைத் தகர்த்தது பீரங்கி இல்லை. 1840களை ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்தையே தருவதாகச் சொன்னார். ஜனங்களே கடப்பாரை எடுத்துவிட்டார்கள். ஊர் நெருக்கத்தில் மூச்சு முட்டியது, மதில் இடைஞ்சலாகத் தெரிந்தது, போயிற்று. மேற்பார்வை பார்த்தவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. மதிலில் மிஞ்சியது பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. சென்னையில் அதைவிட வேடிக்கை. சுவர் கட்ட ஜனங்கள் மேல் வரி போட நினைத்த கதை 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயரில் இன்னும் நிற்கிறது, சுவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். கலாசிப்பாளையத்தில் பஸ் இறங்கி விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வழியில் நிற்பதுதான் பெங்களூர்க் கோட்டையின் டெல்லி வாசல். கெம்பே கௌடரின் மண்கோட்டையை ஹைதர் அலி கல்லால் கட்டினார். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை அதைப் பிடித்தது. அதே வருஷம்தான் நம் ஓசூரும் ராயக்கோட்டையும் அவர்கள் கைக்குப் போயின. அந்தப் பெரிய கோட்டையில் இன்று பார்க்க இருப்பது வாசலும் கொஞ்சம் மதிலும்தான். மிச்சத்தை ரோடும் கட்டடமும் தின்றுவிட்டன. மார்க்கெட் பக்கம் மெட்ரோவுக்காக வருஷக்கணக்கில் தோண்டினார்கள். 2012இல் தோண்டிய குழியிலிருந்து பழைய பீரங்கிகள்கூட வந்தன. சுரங்கப் பாதையில் ரயில் ஓடியது 2017இல். அத்தனை வருஷம் சுற்றிப் போனோமே, மெட்ரோவை யாராவது "வேண்டாம், மூடு" என்றோமா? கோட்டைக்கு மூன்று மாதம் என்றால் மட்டும் நமக்கு வலிக்கிறது.

சரி, சீக்கிரம் முடிக்கச் சொல்லலாமே என்பீர்கள். இங்கேதான் ஆபத்து. பழைய மதில் சுண்ணாம்புக் காரையில் நிற்கிறது. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசுவார்கள். அது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். மாதக்கணக்கு ஆகும். நாம் கத்துகிற கத்தலுக்குப் பயந்து காண்ட்ராக்டர் என்ன செய்வார்? சிமெண்ட் மூட்டையை இறக்குவார். இரண்டே வாரத்தில் சுவர் பளபளக்கும். உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூக்கும், கல்லின் முகம் சிப்பி சிப்பியாக உரியும். சில வருஷத்தில் மறுபடி சாரம், மறுபடி தட்டி. இங்கிலாந்தில் செஸ்டர் நகர மதிலில் ஒரு பகுதி 2008 ஏப்ரலில் சரிந்தது. 2010 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். பணமும் ஆளும் உள்ள ஊருக்கே அவ்வளவு நாள்.

ஆகவே சுவருக்கு அதன் நேரத்தைக் கொடுங்கள் என்கிறேன். தெருவை மட்டும் அந்த நேரம் முழுக்கச் சிறைவைக்காதீர்கள். சாரம் நிற்கிற இருபதடியை அடையுங்கள். அது முடிந்ததும் அடுத்த இருபதடி. கல்லும் மணலும் வேறு இடத்தில் குவியட்டும், ராத்திரி வண்டியில் வரட்டும். மேலே பலகை வைத்த நடைவழி ஒரு மீட்டர் அகலத்துக்கு எந்நேரமும் திறந்திருக்கட்டும். 2010 சட்டத் திருத்தத்தைக் காட்டி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கட்டாதே என்று சொல்லத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நடக்கிறவனுக்கு ஒரு மீட்டர் விடத் தெரியாதா? 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம், கடையை அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. எந்தத் தட்டிக்காரர் அதைப் படித்திருக்கிறார்?

"நம்ம ஊர்ல எந்தக் கோட்டையைச் சீர் பண்ணப்போறாங்க, எதுக்கு இந்தக் கவலை?" என்று ஒரு நண்பர் சிரித்தார். ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. என்றைக்காவது நிதி வரும். கல்லும் சுண்ணாம்பும் மலையடிவாரத்துப் பழையபேட்டைத் தெருக்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு லாரி நின்றாலே எதிரில் மாட்டுவண்டி ஒதுங்க இடமில்லாத தெருக்கள் அவை. அன்றைக்கு முதல் தட்டி இறங்கும்போது பழையபேட்டைக்காரர்கள் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: அடைக்கும் தேதி, திறக்கும் தேதி, பொறுப்பு அதிகாரியின் பெயர், அவருடைய போன் நம்பர். நாலையும் தட்டியின் மேலேயே பெயிண்டால் எழுதிய பிறகு முதல் ஆணியை அடிக்கட்டும்.