ஊருணியாகட்டும் அச்சுப்பொறி!

(ஓர் இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவி)

கணினி யுகத்தில் வாழ்கிறோம் என்கிறோம். 2023-இல் நிலவின் தென்துருவத்தருகே கலம் இறக்கிய நாடு எங்கள் நாடு என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். நிமிர்த்த வேண்டியதுதான். ஆனால், ஆய்வகத்தில் நிரல் எழுதி முடித்த நாம் அதைத் தாளில் பெறுவதற்குப் பென் டிரைவோடு பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறோமே, இது ஏன்? கல்லூரியில் அச்சுப்பொறி இல்லையா? இருக்கிறது. ஓர் அறையில், ஒரே ஒரு கணினியோடு கட்டுண்டு கிடக்கிறது.

செய்முறைப் பதிவேட்டுக்கு நாற்பது பக்கம். கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய். ஆக இருநூறு ரூபாய். சிலருக்கு இது சிறு தொகையாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த இருநூறு ரூபாய்க்கு என் அம்மா எத்தனை கட்டு பீடி சுற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னைப் போன்றவர்கள் இக்கல்லூரியில் ஒருவர் இருவர் அல்லர்.

இதற்குத் தீர்வு நம் பாடத்திலேயே இருக்கிறது. யூனிக்ஸ் வழியில் உருவான லினக்ஸில் 'கப்ஸ்' என்றோர் அச்சு மென்பொருள் உண்டு. 1999-இல் முதற்பதிப்பு வந்தது. விலை கிடையாது. அச்சுப்பொறி இணைந்த கணினியில் அதை நிறுவி, உலாவியில் அக்கணினியின் முகவரியோடு 631 என்ற எண்ணைச் சேர்த்துத் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே அச்சுப்பொறியைச் சேர்த்து, பகிர்வுக்கான கட்டங்களில் குறியிட வேண்டும். அதே வலையமைப்பிலுள்ள மற்ற லினக்ஸ் கணினிகள் அதைப் பெரும்பாலும் தாமாகவே கண்டுகொள்ளும். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினி ஒன்றே இப்பணிக்குப் போதும்.

அனுப்பிய வேலைகள் வரிசையில் நிற்கும். வேறு கட்டளை இடாதவரை, முதல்வரின் சுற்றறிக்கைக்கும் முதலாண்டு மாணவியின் விண்ணப்பத்திற்கும் ஒரே வரிசைதான்! தமிழ் எழுத்து சிதையுமோ என்ற கவலையும் வேண்டாம். எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால், திரையில் கண்டதே தாளில் வரும்.

அச்சுப்பொறிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பலர் ஒரே அச்சுப்பொறியை வலையமைப்பு வழியே பயன்படுத்தினர். தாள் சிக்கினால், காத்திருப்போர் திரையில் உடனே செய்தி தோன்றுமாறு ரிச்சர்டு ஸ்டால்மன் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரல் வரவில்லை. திருத்த வழியில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் கேட்டார். வெளியிடுவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மனின் மனத்தில் தைத்தது. 1983-இல் அவர் 'க்னூ' திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னே இந்த அனுபவமும் உண்டு. 1991-இல் லினக்ஸின் கருவை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவர்; வயது 21. நம் வயதுதான் தோழர்களே!

"எல்லோருக்கும் திறந்துவிட்டால் தாள் வீணாகும், மை தீரும்" என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் கூறக்கூடும். நியாயமான அச்சம். ஆனால், ஒருவர் வாரத்துக்கு இத்தனை பக்கந்தான் என்று வரம்பு கட்டக் கப்ஸிலேயே வழி இருக்கிறது. யார், எத்தனை பக்கம் என்று பதிவு செய்யவும் அமைக்கலாம். அதற்கு ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். ஆய்வகம் முழுவதும் ஒரே பெயரில் நுழையும் பழக்கம் ஒழிய வேண்டும். தாளும் மையும் காசில்லாமல் வருவதில்லை. அடக்க விலையை வாங்கிக்கொள்ளட்டும். கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். இனி வாங்கும் அச்சுப்பொறி லினக்ஸில் இயங்குமா என்று பார்த்து வாங்கட்டும். எல்லா மாதிரிகளும் இயங்குவதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. இந்த அமைப்பை நிறுவும் பொறுப்பைப் பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களிடம் விட்டால், வலையமைப்புப் பாடம் கரும்பலகையிலிருந்து கைக்கு வந்துவிடும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறாய்?" என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு பதிலும் இருக்கும்.

ஒப்புரவாளனின் செல்வத்தை ஊருணி நிறைந்த நீருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஊர் நடுவே நீர் நிறைந்திருந்தும், ஒரு வீட்டுக்காரர் மட்டும் மொள்ளலாம் என்றால் அதற்கு ஊருணி என்று பெயரா? ஒரு கணினியோடு பூட்டிய அச்சுப்பொறியும் அப்படித்தான். வரும் பருவத் தேர்வுக்குள் அந்தப் பூட்டு திறக்கட்டும். ஒரு சனிக்கிழமை போதும். வேலை செய்ய நாங்கள் வருகிறோம். அனுமதி தர நிர்வாகம் முன்வரட்டும்!