செவி மூடிய விமர்சனம்

தமிழில் திரைப்படம் பற்றி எழுதுகிற இலக்கியவாதிக்குக் கண் உண்டு, செவி இல்லை. அந்தக் கண்ணும் கதையைப் பொறுக்கி எடுக்கத் தேவையான அளவுக்கே திறந்திருக்கிறது. மூன்று பத்தி கதைச்சுருக்கம், ஒரு பத்தி நடிப்பு, கடைசியில் ‘ஒளிப்பதிவும் இசையும் படத்துக்குப் பலம்’ என்று ஒற்றை வரி. கட்டுரை முடிந்துவிடுகிறது. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் முன்னால் வந்தது என்று பத்துப் பக்கம் வாதிடுகிறவர்கள், ஒரு படத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன கேட்டது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதைச் சிறிய குறையாக நாம் கருதவில்லை. இதனால் இழப்பது எதுவென்று ஓர் உதாரணத்தைக் கொண்டு சொல்வோம்.

2021 ஏப்ரலில் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ ஒரு சாலையில் தொடங்குகிறது. நடுச்சாலையில் ஒரு சிறுமி வலிப்பு கண்டு துடிக்கிறாள். நாம் அவளை மேலிருந்து பார்க்கிறோம். இருபுறமும் வண்டிகள் போகின்றன. ஒன்றும் நிற்கவில்லை. அவள் சாகிறாள்; அவள் முகம் தெய்வ முகமாகிறது. அடுத்து, முகம் மூடப்பட்ட ஒருவன் காவலர் பிடியில் அடிபட்டுக் கிடக்க, கிடாக்குழி மாரியம்மாளின் குரலில் ‘கண்டா வரச் சொல்லுங்க’ பாடல் எழுகிறது.

இந்தத் தொடக்கத்தைப் பற்றி நம் அறிவுலகம் என்ன பேசியது? ஆண்டைப் பற்றிப் பேசியது. தூத்துக்குடி மாவட்டக் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து சூறையாடியது 1995 ஆகஸ்ட் 31 அன்று. அந்த நிகழ்வை நினைவூட்டும் படத்தின் திரையில் 1997 என்று வந்ததால் எந்தக் கட்சியின் ஆட்சிமீது பழி விழுகிறது என்ற சண்டை மூண்டது. பிறகு அது ‘90களின் பிற்பகுதி’ என்று மாற்றப்பட்டது. வரலாற்றில் ஆண்டு முக்கியமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தை நடுச்சாலையில் சாகும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அது யார் ஆட்சியில் நடந்தது என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டது எப்படி? இந்தக் கேள்விதான் நம்மை உறுத்துகிறது.

ஆண்டைத் தாண்டிப் பேசியவர்களும் இரண்டு வழிகளில் தப்பித்துக்கொண்டார்கள். முதல் வகையினர் ‘ஒரு வண்டி கூடவா நிற்காது, இது மிகை’ என்றார்கள். பேருந்து நிற்காத ஊர்களை அறியாதவர்களின் கேள்வி இது. நிறுத்தம் மறுக்கப்பட்ட ஊரைப் பற்றிய படம், நிற்காத வண்டிகளோடுதானே தொடங்க முடியும்? இரண்டாம் வகையினர் இன்னும் தேர்ந்தவர்கள். முகமூடி இதன் குறியீடு, கால் கட்டப்பட்ட கழுதை அதன் குறியீடு என்று பட்டியல் போட்டார்கள். குறியீட்டுக்குப் பெயர் வைத்தவுடன் வாசகனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது: புரிந்துவிட்டது, இனி கலங்க வேண்டியதில்லை. கலங்கடிக்கவே எடுக்கப்பட்ட காட்சியை விடுகதையாக்கி விடை கண்டுபிடித்துவிடுவது, பார்க்காமல் இருப்பதற்கான நாகரிகமான வழி.

அப்படியானால் கலக்கம் எங்கே பிறக்கிறது? கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாத இடத்தில் பிறக்கிறது என்பதே நம் வாதம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கிடக்கின்றன. பட்டையும் வரிகளும் கணுக்களும் அப்படியே இருக்கின்றன. கண் மரம் என்கிறது. தட்டினால் கல்லின் ஓசை. அந்தக் கணத்தில் ஒரு சிறு நடுக்கம் வருகிறதே, அதற்குப் பேயும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். நம்பிய இரண்டு சாட்சிகள் ஒன்றையொன்று மறுத்தால் போதும்.

உலக சினிமாவின் மிகப் புகழ்பெற்ற கலங்கடிக்கும் தொடக்கம் லூயி புனுவெல் 1929இல் எடுத்த ‘ஆந்தலூசிய நாய்’ படத்தினுடையது. சவரக்கத்தி ஒரு கண்ணை அறுக்கிறது. அது மௌனப் படம். பாரிஸில் முதல் காட்சியின்போது திரைக்குப் பின்னால் நின்று புனுவெல் தன் கையால் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டார்: ஒருபுறம் வாக்னர், மறுபுறம் ஆர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசை. 1960இல் படத்துக்கு ஒலி சேர்த்தபோதும் அதே இணைப்பைத்தான் வைத்தார். கொடூரமான காட்சிக்குக் கொடூரமான இசையை அவர் தேடவில்லை. நடனத்துக்குரிய இசையைப் பக்கத்தில் வைத்தார்.

‘கர்ணன்’ தொடக்கத்துக்கு வருவோம். துடிக்கும் உடலைச் சுற்றி நடப்பது என்ன? வழக்கமான ஒரு நாளின் போக்குவரத்து. அந்த வழக்கம்தான் கொடுமை. அடுத்து வரும் பாடலோ காணாமல் போனவனைத் தேடுகிறது. கண்டால் வரச் சொல்லும்படி ஊராரிடம் இறைஞ்சுகிறது. திரையில் அவன் காணாமல் போகவில்லை. காவலர் பிடியில் கிடக்கிறான், முகம் மட்டும் நமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. காது அவனைத் தேடுகிறது, கண் அவனைக் கண்டுவிட்டது, ஆனாலும் முகத்தைக் காணோம். சந்தோஷ் நாராயணன் இங்கே பழகிய பின்னணிப் பாடகர் ஒருவரை வைத்திருந்தால் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும், அதோடு போயிருக்கும். மெருகேற்றப்படாத மாரியம்மாளின் குரல் பரிதாபத்துக்கு இடம் தரவில்லை. அது கூப்பிடுகிறது. கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர்மாறானவை நம் பேய்ப்படங்கள். கதவு கிரீச்சிடும், அமைதி நிலவும், திடீரென்று ஒலிபெருக்கி அலறும். திடுக்கிடுவது தோல்; உள்ளே ஒன்றும் அசைவதில்லை. அந்த அலறலை ‘மிரட்டல்’ என்று புகழ நம்மிடம் சொல் இருக்கிறது. ஆனால் 2013இல் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ இரவுச் சாலையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனோடு தொடங்கி, பாடல்களே இல்லாமல், இளையராஜாவின் பணியை ‘முன்னணி இசை’ என்று பெயர்ப்பட்டியலில் அறிவித்தபோது, அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு எத்தனை கட்டுரைகள் விவாதித்தன? ஒரு படம் தன் இசை பின்னால் நிற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதை வித்தியாசமான விளம்பரமாகக் கண்டு கடந்தவர்களே அதிகம்.

சிறுமி தெய்வமாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை ‘மாய யதார்த்தம்’ என்று லத்தீன் அமெரிக்கக் கணக்கில் எழுதுகிறவர்கள் தம் வீட்டைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அகாலத்தில் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று புடவை வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் ஏராளம். திருவக்கரைக் கோயிலிலேயே, சந்திரமௌலீசுவரரைக் காண நுழைபவர் முதலில் எதிர்கொள்வது வக்கிரகாளியை. துன்முகி என்ற அரக்கியை வதைத்து, அவள் வயிற்றுக் குழந்தையை எடுத்துக் காதணியாக அணிந்தவள் அவள் என்கிறது தலபுராணம். மூலவரின் சாந்தத்துக்குப் போகும் வழியில் ஒரு குழந்தையின் உடலைக் கடந்துதான் போக வேண்டும். கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை ஆகியவை ஒரே நேர்கோட்டில் இல்லாத கோயில் அது. அவ்வாசலில் நின்று பழகிய ஒரு சமூகத்துக்கு, கலங்கடிக்கும் தொடக்கத்தை வெளிநாட்டுச் சொல்லால் விளக்க வேண்டிய அவசியம் என்ன? ஆனால் ஒன்று. பௌர்ணமிக் கூட்டத்தில் நெருக்கியடித்துப் போகிறவர்கள் அந்தக் காதணியைப் பார்ப்பதில்லை. பழக்கம் காளியையும் அலங்காரமாக்கிவிடும். விமர்சனம் தேவைப்படுவது அதற்காகத்தான்: பழகிய கண்ணை மறுபடி கூசச் செய்வதற்கு.

‘நாங்கள் இலக்கியக்காரர்கள், ஒலியின் நுட்பம் எங்கள் துறையன்று’ என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இதை ஏற்க இயலாது. தொல்காப்பியர் கருப்பொருளைப் பட்டியலிடும்போது தெய்வத்தையும் விலங்கையும் மரத்தையும் சொல்வதோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறார். ஒரு நிலத்துக்கு அதன் மரம் எவ்வளவு உரியதோ அவ்வளவு அதன் ஓசையும் உரியது என்பது நம் இலக்கணம். வகுப்பில் ஆண்டுதோறும் அதை நடத்திவிட்டு, திரையரங்கில் மட்டும் செவியைக் கழற்றி வைப்பதற்குத் துறை காரணமாகாது, சோம்பல்தான் காரணம். உள்ளுறை என்பதும் விடை கண்டதும் தீர்ந்துபோகும் புதிரன்று. கருப்பொருள் தன் நிலத்தில் கிடந்தபடியே நம்மைத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது அது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு படத்தைப் பற்றி எழுதுமுன், அதன் முதல் ஐந்து நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பிறகு ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கதைச்சுருக்கத்தை அதற்குப் பிறகு எழுதலாம். பெரும்பாலும் எழுதத் தேவையிருக்காது. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் ஆண்டுக்கும் குறியீட்டுக்கும் கணக்கெழுதிவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் வரை, நம் விமர்சனமும் அந்தச் சாலையில் நிற்காமல் போன வண்டிகளில் ஒன்றுதான்.