கையொப்பத்தின் விலை

உள்ளங்கையுள் அடங்கும் அட்டை ஒன்றிற்கு ஒருவர் 39 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார் என்றால் எழுமலையில் எம் அண்டை வீட்டார் நகைப்பர். ஆயினும் அஃது உண்மையே. பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் டிரௌட் என்பாரின் கையொப்பம் தாங்கிய, ஒரே படியாக அச்சிடப்பெற்ற 2009-ஆம் ஆண்டு அட்டை 2020-இல் ஏலத்தில் அவ்விலை பெற்றது.

நகைத்தற்கு நமக்கும் உரிமையில்லை, நேயர்காள்! எம் ஊரில் அறுவடை முடிந்த புஞ்சையிலே கிரிக்கெட்டு ஆடும் நண்பர் ஒருவர், பேர்பெற்ற வீரரின் கையொப்பமிட்ட படம் என நம்பி, பருத்தி எடுத்த மூன்று வாரக் கூலியைக் கொடுத்து ஒன்று வாங்கினார். பூதக்கண்ணாடி கொண்டு யாம் நோக்கினோம். பேனா மையாயின் கோடு அறாது ஓடும். பளபளப்பின்மேல் மை படிந்து நிற்கும். இதிலோ கையொப்பமும் படத்தைப் போன்றே சிறு சிறு புள்ளிகளாகச் சிதறிற்று. எல்லாம் அச்சு! படத்தை அவர் இன்னும் சுவரினின்று எடுத்திலர். அதன் விலையை அவர் அன்னையார் இன்னும் அறியார்.

அமெரிக்காவிலும் 1990-களில் பொய்க் கையொப்பமிட்டு விற்ற கூட்டத்தாரைத் துப்பறிவோர் பிடித்தனர். ஆதலின் அட்டை வெளியிடுவோரே வீரரிடம் ஒப்பம் பெற்றுச் சான்றும் அச்சிடுகின்றனர். நன்று. ஆனால் வீரர் ஒட்டுத்தாள்களில் வரிசையாக ஒப்பமிட்டு அனுப்ப, அவை பின்னர் அட்டைகளில் ஒட்டப்படுவதும் உண்டு. அட்டையையே காணாதவர் இட்ட ஒப்பம் மெய்யே. அதில் உறவு ஏது?

விலை பெறுதலே குற்றம் என்பது எம் கருத்தன்று. காந்தியடிகளும் தம் கையொப்பத்திற்கு 5 ரூபாய் கேட்டுப் பெற்றார். அத்தொகை அரிசன நிதிக்குச் சென்றது. கொடுத்தவர் எதிரே நின்றார். பணம் சென்ற இடமும் தெரிந்தது. கைமாறிக் கைமாறி ஏறும் விலையில் இவ்விரண்டும் இல்லை.

2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்தபின், சுனில் கவாஸ்கர் ஓடிச்சென்று தாம் அணிந்திருந்த சட்டையிலே தோனியின் கையொப்பம் பெற்றார். டெஸ்ட் ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களை முதன்முதல் எட்டிய பெரியவர், தம்மினும் 30 ஆண்டுக்கு மேல் இளையவர்முன் மார்பை நீட்டி நின்றார்! அச்சட்டையை ஏலத்தில் எவரேனும் பெறலாம். அந்த ஓட்டத்தைப் பெற இயலுமோ?

அடுத்த ஆட்டத்திற்கு வரும் வெளியூர் அணித்தலைவரிடம் பழைய பந்தொன்றில் ஒப்பம் வாங்குமாறு நண்பரிடம் கூறினோம். அவர் சினந்தார். மறுநாள் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.