வடிகட்டின முட்டாள்தனம்

கோவில்பட்டியில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: "வண்டி எப்படி இருக்கு?" பதில் பட்டென்று வரும். "வண்டி கல்லு மாதிரி இருக்கு. இந்தப் பாழாப்போன எத்தனால் பெட்ரோல்தான் கெடுக்குது. இழுவையே இல்ல."

இரண்டாவது கேள்வி: "பெட்ரோல் ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனீங்க?" இதற்கு உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு, "அது... வண்டி வாங்குனதுல இருந்து அப்படியேதான் இருக்கு" என்பார். அதையும் ஏதோ பரம்பரைச் சொத்தைக் கட்டிக் காத்த மாதிரி பெருமையாக!

அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டெல்லியில் டீசல் காருக்கு 10 வருடம், பெட்ரோல் காருக்கு 15 வருடம் என்று கெடு வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அந்தக் கெடு கிடையாது. 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். அதனால்தான் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ம் அம்பாசடரும் இன்னும் எட்டயபுரம் ரோட்டிலும் கழுகுமலை ரோட்டிலும் கண்ணில் படுகின்றன. நல்ல விஷயம்தான். ஓடுகிற வண்டியை உடைத்துப் போடுவதைவிட ஓட்டுவது மேல். ஆனால் பழைய வண்டியை வைத்திருப்பது வேறு, பராமரிப்பது வேறு. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரிசல்காட்டு ஆட்களுக்கு வடிகட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குடிதண்ணீர்க் குழாய் வராத காலத்தில் ஊருணித் தண்ணீரைக் குடத்தின் வாயில் துணி கட்டித்தான் பிடித்தார்கள். கலங்கல் தெளியப் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசினார்கள். நரம்புச் சிலந்தி நோயை இந்தியா ஒழித்ததிலும் 'துணியில் வடிகட்டிக் குடியுங்கள்' என்ற அறிவுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 1996-க்குப் பிறகு அந்த நோய் இங்கே யாருக்கும் வரவில்லை. தண்ணீருக்கு இவ்வளவு பார்த்த மண்ணில் பெட்ரோலுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

காரணம் எளிது. கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்று ஃபில்டரைப் பாருங்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண் புழுதியாகப் பறந்து அதில் அப்பிக்கொள்ளும். கழற்றித் தட்டினால் கொட்டும். அதனால் அதை மாதம் ஒருமுறை கழற்றி கம்ப்ரசரில் ஊதுகிறார்கள். பெட்ரோல் ஃபில்டரோ வண்டிக்கு அடியிலோ எஞ்சின் மூலையிலோ ஒரு சின்ன டப்பா. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அது இல்லவே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆனால் வேலை பெரிசு. டேங்கின் உள்பக்கத் துரு, அடியில் தங்கிய வண்டல், கேனில் வாங்கி ஊற்றும்போது கூடவே போன தூசி எல்லாம் எஞ்சினுக்குப் போகாமல் தடுப்பது அந்த டப்பாதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்கில் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசல் போன்ற காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். அதன் நாசில் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தத் துளையில் ஒரு துரும்பு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பம்ப் மூச்சுத் திணறித் தள்ளும். டேங்கில் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் ஓடும் பெட்ரோல்தான். ஓட்டம் குறைந்தால் சூடு ஏறும். ஒருநாள் பம்ப் எரிந்து போகும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சம் பிடித்தவர் சில ஆயிரம் ரூபாய் பம்ப்புக்குக் கையெழுத்துப் போடுவார். இதற்குப் பெயர் சிக்கனமா?

பணம் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

பாதி அடைத்த ஃபில்டர் ஊருக்குள் காட்டிக்கொடுக்காது. பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் கேட்கும் பெட்ரோல் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எப்படியாவது கசிந்து வந்துவிடும். எஞ்சின் நிறையக் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அது எப்போது? ஆடி மாதம் இருக்கன்குடிக்குக் குடும்பத்தோடு, ஐந்து பேர் ஏற வேண்டிய வண்டியில் ஏழு பேர் ஏறி, நாற்கரச் சாலையில் சாத்தூரைப் பார்த்து மிதிக்கும்போது. லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்கும், இழுக்காது, அப்படியே அணைந்தும் போகும். எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். பின்னால் மதுரையை நோக்கி லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறந்து வரும். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வருடாந்திர விபத்து அறிக்கையில், நிற்கும் வண்டியின் மீது மோதியதற்கென்றே தனி இனம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சேர்வதற்கு ஒரு சின்ன டப்பா காரணமாக வேண்டுமா?

சரி, எத்தனாலுக்கு வருவோம்.

எத்தனால் மீதான புகார் முழுப் பொய் அல்ல. 2003-இல் 5 சதவீதத்தில் தொடங்கிய கலப்பு 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2025-இல் 20 ஆகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே சொன்னது. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் விட்டுவைக்காது. இதெல்லாம் உண்மை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 14 கொடுக்கும். அவ்வளவுதான். நாலாவது கியரில் 60-ஐத் தாண்டவே வண்டி திணறினால் அதை எத்தனால் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அது ஃபில்டரின் கூக்குரல்.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. எத்தனால் நல்ல கரைப்பான். பதினைந்து வருடமாக டேங்கிலும் குழாயிலும் படிந்து கிடந்த பிசினையும் அழுக்கையும் அது கிளப்பிவிடும். ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். தகர டேங்க் துருப்பிடிக்க அது போதும். கிளம்பி வந்த அத்தனை அழுக்கும் போய் நிற்கும் இடம் எது? அதே ஃபில்டர். ஆக, எத்தனால் வந்த பிறகு பழைய வண்டிக்காரர் முதலில் செய்திருக்க வேண்டியது ஃபில்டர் மாற்றுவது. அதைச் செய்யாமல் டீக்கடையில் உட்கார்ந்து பெட்ரோலைத் திட்டுவது, தூர்வாராத கண்மாய்க் கரையில் நின்று மழையைத் திட்டுவது மாதிரிதான்.

அதற்காக அரசாங்கம் தப்பித்துக்கொள்ள முடியாது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்ற மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வேறு வழியில்லை என்றான பிறகு, போடும் எரிபொருளோடு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கம் விளாத்திகுளத்துக்காரர் காதுக்கு எப்படி வரும்? 'பழைய வண்டியா? ஃபில்டரையும் ரப்பர் ட்யூபையும் பாருங்கள்' என்று பங்கில் ஒரு தமிழ்ப் பலகை வைக்க எவ்வளவு செலவாகும்?

மெக்கானிக்குகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எல்லோரும் இல்லை, சிலர். காகித ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, எதிர்ப்பக்கமாக ஊதி, மறுபடி மாட்டுகிறார்கள். நனைத்து ஊதிய காகிதம் கிழியும். கிழிந்த ஃபில்டர் இல்லாத ஃபில்டரைவிட மோசம், இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுப்பதால். இன்னும் சிலர் கார்புரேட்டர் வண்டியின் பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜெக்‌ஷன் வண்டியில் சொருகுகிறார்கள். கார்புரேட்டருக்குப் போகும் அழுத்தம் ஒரு பாரில் சிறு பங்குதான். 3 பாரில் அந்தப் பிளாஸ்டிக் பிளந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சும். மீதியைச் சொல்ல வேண்டாம்.

முறையாகச் செய்வது கம்பசூத்திரம் இல்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஓடவிட்டால் குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. புது ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். கிளிப்புகள் புதிதாக இருக்கட்டும். எல்லாம் மாட்டியபின் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். டீசல் வண்டியாக இருந்தால் ஏர் எடுக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து வடித்துவிட வேண்டும். சில கார்களில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்ப்போடு சேர்ந்து இருக்கும். அதை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல், உள்ளே வரும் வழியாகக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கரிசல் மண்ணைக் கரைத்த மாதிரி கறுப்பாக ஒன்று வரும். இத்தனை வருடமாக வண்டிக்காரர் பங்க்காரனையும் மத்திய அரசையும் திட்டியபோதெல்லாம் அது அங்கேதான் இருந்தது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனீங்கப்பா?" அவர் யோசிக்க ஆரம்பித்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இருக்கன்குடிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்கு முன்னால் மெக்கானிக் ஷெட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வந்தால் போதும்.