மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு?

ஆங்கிலத் திறனறித் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை நடத்தும் அமைப்புகள் 2025 நவம்பரில் ஓர் ஒப்புதல் அறிக்கையை வெளியிட்டன. 2023 ஆகஸ்ட் முதல் 2025 செப்டம்பர் வரை நடந்த தேர்வுகளில், கேட்டல் மற்றும் வாசித்தல் பகுதிகளில் சிலருக்குத் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறான மதிப்பெண் வழங்கப்பட்டுவிட்டது என்பதே அதன் சாரம். 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் பாதிக்கப்படவில்லை என்று ஆறுதலும் கூறப்பட்டது. திருத்திய மதிப்பெண்கள் அனுப்பப்பட்டன, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது.

இத் தேர்வு முடிவு செல்லுபடியாகும் காலமே இரண்டு ஆண்டுகள்தான். அதாவது, 2023 ஆகஸ்டில் தேர்வெழுதியவரின் மதிப்பெண்ணில் தவறு இருந்தது என்ற அறிவிப்பு, அந்த மதிப்பெண்ணே காலாவதியான பிறகு வந்திருக்கிறது. அரைப் புள்ளி குறைந்ததால் பல்கலைக்கழக இடத்தை இழந்தவருக்கும், மறுபடியும் பணம் கட்டித் தேர்வெழுதியவருக்கும் அந்த வருத்தத்தால் என்ன பயன்?

இந்தியாவுக்கு இது பிறர் வீட்டுச் செய்தி அல்ல. இத் தேர்வை மிக அதிகமானோர் எழுதும் நாடுகளில் ஒன்று இது. ஒரு முறை எழுதக் கட்டணம் மட்டும் ரூ.17,000-க்கும் மேல். பயிற்சிக் கட்டணம் தனி. இவ்வளவு செலவழிக்கும் குடும்பங்களில், அந்த மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தவை எத்தனை?

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டலுக்கு 40 வினாக்கள், வாசித்தலுக்கு 40 வினாக்கள். கல்விக்கான பிரிவில் வாசித்தலில் சுமார் 30 விடைகள் சரியாக இருந்தால் 7 புள்ளிகள் கிடைக்கும். குடியேற்றத்துக்கான பொதுப் பிரிவிலோ, வினாத்தாள் சற்று எளிது என்பதால், அதே 30 விடைகளுக்கு 6 புள்ளிகள்தான். எழுத்தையும் பேச்சையும் மனிதர்களே மதிப்பிடுகிறார்கள். பேச்சுத் தேர்வு தேர்வாளருடன் நேருக்கு நேர் நடக்கும் 11 முதல் 14 நிமிட உரையாடல். நான்கின் சராசரியே மொத்தப் புள்ளி. சராசரி கால் புள்ளியில் முடிந்தால் அடுத்த அரைப் புள்ளிக்கு உயர்த்தப்படும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 7, 7, 6, 5 என்று வாங்கியவரின் சராசரி 6.25. அது 6.5 என உயர்த்தப்படுகிறது. வீட்டில் மகிழ்ச்சி, பயிற்சி மையத்தின் வாசலில் படத்துடன் பேனர். ஆனால், எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை விதிக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்த 5 ஒன்றே நிராகரிக்கப் போதுமானது. பிரிட்டனில் பணியாற்ற விரும்பும் செவிலியர்களுக்கும் இதே நிலைதான். வாசித்தல், கேட்டல், பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5 என்பது அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் விதி. மொத்தப் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஒரு பகுதியில் சறுக்கினால் கதவு திறக்காது. அதே மன்றம், ஓராண்டுக்குள் எழுதிய இரு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சில வரம்புகளுக்கு உள்பட்டு இணைத்துக் கொள்ளவும் அனுமதிக்கிறது. கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் செல்ல முயலும் செவிலியர் எத்தனை பேருக்கு இதை அவர்களது முகவர்கள் சொல்லியிருப்பார்கள்?

பியர்சன் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த பி.டி.இ. தேர்வின் போக்கு முற்றிலும் வேறு. 10 முதல் 90 வரை மதிப்பெண். தேர்வாளர் எதிரில் அமர்வதில்லை. ஒலிவாங்கியிடம்தான் பேச வேண்டும். மூன்று விநாடிகளுக்கு மேல் மௌனமாக இருந்தால் ஒலிப்பதிவு நின்றுவிடும். யோசித்துப் பேசுவதைப் பண்பாகக் கருதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய இடர். காதில் விழுந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் ஒரே வினா, கேட்டலுக்கும் பேச்சுக்கும் சேர்த்தே மதிப்பெண் தருகிறது. எனவே காது தவறினால் நாக்கும் தண்டிக்கப்படுகிறது. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறான தேர்வுக்கு மதிப்பெண் கழிக்கப்படுகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் அப்படிக் கழிப்பதில்லை. ஒன்றுக்குப் பயிற்சி பெற்றவர் மற்றொன்றை அதே பழக்கத்தில் எழுதினால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டோஃபல் தேர்வின் கதை இன்னும் விசித்திரமானது. 1998-இல் கணினிக்கு மாறியபோது அதன் உச்ச மதிப்பெண் 300. 2005-இல் இணையவழித் தேர்வு வந்தபோது அது 120 ஆயிற்று. இப்போது 2026 ஜனவரி முதல் 1 முதல் 6 வரையிலான அளவுகோல்; பழைய 120 கணக்கும் இடைக்காலத்துக்கு உடன் தரப்படுகிறது. வாசித்தலிலும் கேட்டலிலும், முதல் கட்டத்தில் எழுதியதைப் பொருத்து அடுத்த கட்ட வினாக்களின் கடினம் மாறும். டோஃபல் தேர்வில் "நூறு வாங்கினேன்" என்பது 1999-இல் தோல்விக்குச் சமம். 2010-இல் நல்ல தேர்ச்சி. அண்ணன் எழுதிய காலத்து அறிவுரை தம்பிக்கு உதவாது.

கணினி தரும் எண்ணை ஐயமின்றி நம்பினால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை 2014 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. தேர்வு நிறுவனம் குரல் ஒப்பீட்டு மென்பொருளைக் கொண்டு, 2011 முதல் 2014 வரை அந்நாட்டில் எழுதப்பட்ட சுமார் 58 ஆயிரம் தேர்வுகளில் 97 சதவீதத்தைச் செல்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்று முத்திரை குத்தியது. மோசடி நடந்தது உண்மை. ஆனால் 100-இல் 97 பேர் ஐயத்துக்குரியவர்கள் என்று ஓர் இயந்திரம் சொன்னதை அப்படியே ஏற்று ஆயிரக்கணக்கானோரின் விசா ரத்து செய்யப்பட்டது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் மாணவர்கள் பலர் படிப்பையும் பெயரையும் இழந்தனர். நீதிமன்றப் படியேறி வென்றோரும் உண்டு. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. குற்றமற்றவர்களைக் காக்க உள்துறை போதிய அக்கறை காட்டவில்லை என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019-இல் குறை கூறியது.

நம் பக்கமும் தூய்மையானது என்று சொல்வதற்கில்லை. 2022 ஏப்ரலில் கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்று பிடிபட்ட குஜராத்தின் மேசாணா பகுதி இளைஞர்களால், ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தும், நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியவில்லை. பின்னர் குஜராத் போலீஸார் விசாரணை தொடங்கினர். பஞ்சாபிலோ இந்தப் புள்ளிகள் திருமணச் சந்தையின் விலைச்சீட்டாகவே ஆகிவிட்டன. புள்ளி பெற்ற மணமகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் படிப்புச் செலவு தரும் ஒப்பந்தங்கள், அவை முறிந்தபின் எழும் வழக்குகள் என்று அங்கு ஒரு தனிச் சமூகச் சிக்கலே உருவாகியிருக்கிறது.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போரைக் கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டுப் படிப்பையும் அதற்கான தேர்வுப் பயிற்சியையும் விற்போர் அதன் வரம்பில் இல்லை. பஞ்சாப் அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையங்களும் உரிமம் பெற வேண்டும் என்றது. பிற மாநிலங்கள் பலவற்றில் பலகை மாட்டினால் போதும், மையம் தயார். பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் மத்திய அரசு வரைவு மசோதா ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு முன்வைத்தது. அது சட்டமாகும்போது, மாணவர்களை அனுப்பும் முகவர்களையும் பயிற்சி மையங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவர எம்.பி.க்கள் வலியுறுத்த வேண்டும்.

தேர்வு நிறுவனங்களிடமும் தில்லி சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் தவறான மதிப்பெண் பெற்றவர்களில் இந்தியர்கள் எத்தனை பேர்? மறுமுறை தேர்வெழுதியவர்களுக்கு அந்தக் கட்டணம் திருப்பித் தரப்பட்டதா? மறுமதிப்பீட்டில் புள்ளி உயர்ந்தால் அதற்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் விதி ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஏற்கெனவே உண்டு. நிறுவனமே செய்த தவறுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் நீளக் கூடாது? வெளியுறவு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து இந்தக் கேள்விகளை எழுத்தில் எழுப்பி, வரும் பதிலை நாடாளுமன்றத்தின் முன் வைக்கட்டும்.