ராத்திரி தங்காத முகாம் எதற்கு?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பேரப்பிள்ளையை அனுப்பலாமா என்று போன மாதம் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். என் மனைவி மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து, பல ஆண்டுகள் அந்த முகாம்களை நடத்தியவள். அனுப்புங்கள் என்றேன். மூவருமே அனுப்பவில்லை! பிறகு எதற்குக் கேட்டார்களோ.

சொன்ன காரணங்கள்: கொசு, சாப்பாடு, நீட் வகுப்பு, "காலம் கெட்டுக் கிடக்கு சார்". இப்படிப்பட்டவர்களுக்குப் பயந்துதான் சில இடங்களில் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் முகாம் நடக்கிறது. நாலு துடைப்பம், ஒரு பேனர், ஒரு போட்டோ, கையில் சான்றிதழ். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் முகாம் என்று வைத்தார்கள். பெருக்கிக் கூட்ட ஏழு நாள் எதற்கு?

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. மேத்ரு தெருவில் வந்தால் நாங்கள் அடுத்த தெருவுக்கு ஓடிவிடுவோம். திக்தேயில் ஐந்து பிழை விட்டால் சைபர். அந்த ஐந்து பிழைக்கு மேல் எங்களைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது.

தொண்ணூறுகளில் ஒரு முறை பாகூர்ப் பக்கம் முகாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் இருக்கிறதே, அதை ஒட்டிய ஊர். பகலில் பிள்ளைகள் கிளை வாய்க்காலில் மண் எடுத்தார்கள். அது பெரிய வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பொக்லைன் அரை நாளில் முடித்துவிடும்.

ஒரு பையன் இரண்டாம் ராத்திரியும் சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து படுக்கும் இடத்துக்கு வரும் வழியில் விழுந்தான். வகுப்பில் எல்லோரும் அவனைக் கேலி செய்வார்களாம். வீட்டிலோ விளையாட்டுப் புத்தி என்று அடி. மனைவி திரும்பி வந்ததும் வாசலிலேயே சொன்னாள்: "ஏங்க, அந்தப் பிள்ளைக்கு ராத்திரியில கண்ணே தெரியலைங்க." மாலைக்கண். கண் மருத்துவரிடம் காட்டிச் சரியாயிற்று. ஐந்து மணிக்கே பஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. ஒரே அண்டா சாம்பார், ஒரே ஜமக்காளம், யார் எந்தத் தெருப் பிள்ளை என்ற கேள்வி கிடையாது. கொசு, கொசு என்பவர்களில் சிலரை உண்மையில் கடிப்பது இந்தக் கொசுதான். நம் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். பிள்ளையின் அப்பா அம்மாகூடச் சம்மதித்துவிடுகிறார்கள், தாத்தா பாட்டிதான் குறுக்கே நிற்கிறோம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஏழு நாளும் எங்கள் பிள்ளைகள் இருவரும் என் அம்மா பொறுப்பில். மகளுக்குச் சடை பின்னியது நான். கோணலாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் ஒரு வருடம், முகாமில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது என்று ஒரு மொட்டைக் கடிதம். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் குமாஸ்தா, மெமோ எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். கோப்பில் இரண்டு வரிக் குறிப்பு, மேலே ஒரு சுருக்கொப்பம், அவ்வளவுதான். ஏழு ராத்திரி தலை எண்ணிக்கொண்டு விழித்திருந்தவள் எட்டாம் ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதினாள். இதைப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் எந்தத் தைரியத்தில் பிள்ளைகளை வெளியூரில் தங்க வைப்பார்கள்?

பெண் பிள்ளை என்றால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எத்தனை ஆசிரியைகள் உடன் தங்குகிறார்கள், கழிப்பறை எங்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பக்கத்தில் டாக்டர் யார். நியாயமான கேள்விகள். பதில் சரியாக இருந்தால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்படியும் மனம் கேட்கவில்லையென்றால் பள்ளியில் அனுமதி கேட்டு நீங்களும் ஒரு ராத்திரி காவலுக்குப் போய்ப் படுங்கள். பாய் நான் தருகிறேன்.