பழைய கணினிக்கு ஏன் புது வேகம்?

பழைய வீட்டுக் கணினிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுவோர், அவை மறுபடி உயிர்பெற்ற சந்தோஷத்தோடு நில்லாமல், செயலியை அதற்கு விதித்த வேகத்தையும் மீறி ஓட்டிப் பார்க்கத் துணிவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஈப்போவில் அவ்வாசை கொண்ட இளைஞர்களுக்கு, அதைச் செய்யாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஆசை புதிதன்று. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்குத் துடிப்பளித்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகியவர்களுக்குச் சொற்பச் செலவில் 8 மெகாஹெர்ட்ஸ் கிட்டிற்று. வீட்டுக் கணினியின் அமைப்போ வேறு. 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில், 14 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரே படிகத்திலிருந்துதான் செயலியின் 3.5 மெகாஹெர்ட்ஸ் துடிப்பும் தொலைக்காட்சிப் படத்தின் காலக்கணக்கும் பிரிகின்றன. படிகத்தை மாற்றினால் படம் குலையும். படத்தைத் தனியே காப்பாற்றினாலும், கேசட்டிலிருந்து நிரலை ஏற்றும் பகுதி ஒலித்துடிப்பின் நீளத்தைச் செயலியின் துடிப்புகளைக் கொண்டே அளப்பதால், வேகம் கூடியதும் கணக்குத் தப்பி, பழைய நாடாக்கள் ஏறுவதில்லை.

செயலிச் சில்லின் முதுகில் அச்சிட்ட வேகம் வெறும் எண்ணன்று. சோதனை மேசையின் தீர்ப்பு. இன்டெல் 1972இல் பினாங்கிலும், இன்று கார்செம் எனப்படும் ஆலை அதே ஆண்டில் நம் ஈப்போவிலும் தொடங்கிய பின், தோட்டத்து லயங்களிலிருந்து புறப்பட்ட நம் பெண்கள் எத்தனையோ பேர் நுண்ணோக்கியில் கண்பதித்து, தலைமயிரினும் மெல்லிய கம்பியால் சில்லுகளை இணைத்தார்கள். அக்காலச் சில்லுகள் பலவற்றில் மலேசியா என்ற முத்திரையை இன்றும் காணலாம். உஷ்ணத்தையும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வையும் உத்தேசித்து, சில்லுகளைச் சோதிப்பவர்கள் வேகத்தைப் பற்றிய தீர்ப்பில் சற்றே இடம் விடுவார்கள். வேகத்தைக் கூட்டுபவர் அந்த இடத்தைத்தான் செலவழிக்கிறார். உஷ்ணம் ஏற ஏறச் சில்லின் வேகம் குறையுமாதலால், குளிர்நாட்டு மேசையில் தாங்கியது ஈப்போவின் பிற்பகலில் தாங்குமென்பதற்கு நிச்சயமில்லை.

மறுநடவுக்காக வெட்டப்போகும் ரப்பர் மரத்தை, பட்டையைப் பற்றிய கவலையின்றி ஆழச் சீவிப் பால் எடுப்பது தோட்டத்து வழக்கம். இக்கணினிகள் வெட்டப்போகும் மரங்களல்ல. ஸ்பெக்ட்ரத்தில் உள்ளதும் 1976இல் பிறந்ததுமான இஸட்80 செயலியின் தனிச்சில்லு உற்பத்தியை ஸைலாக் நிறுவனம் 2024இல் நிறுத்த முடிவு செய்துவிட்டது. இனிக் கருகுவதற்கு ஈடு, பழைய சரக்கில் தேடினால்தான் உண்டு.

வேகத்தைப் பரீட்சித்தே தீரவேண்டும் என்பவர்களுக்குப் புதிதாக அச்சிட்ட நகல் பலகைகள் கிடைக்கின்றன. உத்ஸாகத்தை அவற்றில் காட்டுங்கள். மூலப்பலகையில் ஏற்கெனவே கைவைத்துவிட்டவர்கள், கழற்றிய படிகத்தை எறிந்துவிடாமல், அதன் அளவையும் கழற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, கணினிப் பெட்டியின் உள்ளேயே ஒட்டிவையுங்கள்.